புதுவைக் கணியரும் 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணமும்

வானாய்வின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தொலைநோக்கியும் வானாய்வகமும் உள்ள இடங்களையே நாடுவர். அவற்றிற்குப் புறம்பே, கருவியொன்றுமின்றி வான்நிகழ்ச்சிகளை முன்னறிந்து கூறியோரின் வரலாறு பெரிதும் எழுதப்படாமலே கிடக்கின்றது. அத்தகையார் ஒருவரைப் பற்றிய குறிப்பினை ஈண்டு ஆராய்வோம்.

1825இல் சென்னையில் அச்சேறிய 'கால சங்கலித' என்னும் ஆங்கில நூலின் ஆசிரியர் ஜான் வாரன். இவர் 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகப் பொறுப்பை ஏற்றிருந்தவர். புதுவையில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணியர் ஒருவர் தமக்குச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டிய முறையை இவர் விரித்துரைக்கின்றார். கணியரின் பெயர் அந்நூலில் 'சாமி நாடன் சாஷியா' எனக் காணப்படுகின்றது. சாமிநாத சேஷையா என்பதன் சிதைவாகலாம் என்பது எம் ஊகம். அவர் எழுதிக் கணக்கிட்டாரல்லர். தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை நினைவினின்றே எடுத்து, அவ்வாண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவின் கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது. வானியற் கொள்கையில் ஒரு சொல்லும் அறியாதவர், ஆயினும் அரிய நினைவாற்றல் உடையவர் என்பது அவரைப் பற்றி வாரன் கூறும் தீர்ப்பாகும்.

இத்தீர்ப்பின் பிற்பகுதியை வரலாற்றாசிரியர் எளிதிற் கடந்து செல்கின்றனர். யாம் அதனையே முதன்மையாகக் கொள்வோம்.

சந்திரன் புவிக்கு மிக அண்மையான நிலையினின்று நீங்கி மீண்டும் அந்நிலையை எய்த 27 நாளும் 13 மணிக்குச் சற்று மேலும் செல்லும். இத்தகைய ஒன்பது சுற்றுகள் ஏறத்தாழ 248 நாள். இதனாலேயே நாளுக்கொன்றாக 248 சந்திர வாக்கியங்கள் அமைந்தன. இச்சுழற்சியில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 13 நிமிடம் மிகும். 110 சுற்றுகளுக்குரிய 3031 நாட்சுழற்சியிலோ பிழை ஒரு நிமிடத்திற்கும் குறைவே. 449 சுற்றுகளுக்கு 12372 நாள் கொண்டனர்.

இவ்வெண்களுக்கு வாரன் தரும் பெயர்கள் தேவாரம், கலாநிலம், ரசகேரிகா என்பன. தேவாரம் என்றதும் மூவர் பாடல்களை நினைத்தல் தமிழ் பயின்றார்க்கு இயல்பே. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இவை கடபயாதி முறையில் எழுத்தால் எண்ணுணர்த்தும் சொற்கள். வடமொழி நெடுங்கணக்கில் தகர வருக்கத்து மூன்றாம் எழுத்து 8, வ 4, ர 2. வலமிருந்து இடமாகப் படிக்க 248 ஆகும். அவ்வாறே க 1, ல 3, ந 0, ல 3. மாற்றிப் படிக்க 3031.

மூன்றாவது சொல்லே எம் கருத்துக்கு உயிர்நிலை. ர 2, ச 7, கே 3, ரி 2, கா 1 எனக் கொண்டாலன்றி 12372 வாராது. ஒரே சொல்லில் ககரம் ஓரிடத்து மூன்றும் மற்றோரிடத்து ஒன்றும் ஆகின்றது. கிரந்த எழுத்தில் இவ்வேறுபாடு விளங்கும். தமிழ் எழுத்தில் விளங்காது. தமிழ் எழுத்தில் மட்டும் எழுதப்பட்ட ஏடு ஒன்று கிடைப்பினும், ஒலிப்பை அறியாதார் அதனைக்கொண்டு கிரகணம் கணித்தல் இயலாது. எனவே வாரன் வியந்த நினைவாற்றல் அறியாமையை ஈடுசெய்த தனியொருவர் திறனன்று. எழுத்துக் காட்டாத எண்ணைச் செவிவழி காத்துவந்த கல்விமுறையே அது.

ஓட்டோ நியூகெபவர் 1952இல் 'ஓசிரிஸ்' இதழில் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இக்கணியர் உலகறிந்தவரானார். 248 நாட்சுழற்சி வராகமிகிரரிடத்தும், கிரேக்கப் பப்பைரசு ஏட்டிலும், அவற்றிற்கும் முற்பட்ட பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் உண்டென அவ்வறிஞர் நிறுவினார். கணிப்பின் நுண்மையினும் மரபின் தொடர்ச்சியே அவருக்குப் பெரிதாயிற்று. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும், எண் எங்கிருந்து வந்தது என்னும் வினாவோடு, அது புதுவை வரை எவ்வாறு சிதையாது வந்தது என்னும் வினாவையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். பின்னதற்கு விடை களிமண் பலகைகளில் இல்லை. கணியரின் செவியிலும் நாவிலும் அவர் பரப்பிய சோழிகளிலுமே உள்ளது.