பழந்துப்பாக்கிப் பொறிப்புகளும் மெய்ம்மைத் தேர்வும்

1. முன்னுரை

பழைய போர்த்துப்பாக்கி ஒன்றை விலைக்குக் கொள்வோர் அதன் உலோகம், மரம், விசையமைப்பு ஆகியவற்றையே முதலில் நோக்குவர். ஆயினும் அது எக்காலத்தது, யாருடைய பட்டறையில் ஆக்கப்பட்டது என்பனவற்றை வெளிப்படையாகக் கூறுவது அதன்மீதுள்ள எழுத்தேயாகும். அவ்வெழுத்தைப் பிழைபட வாசிப்பின் போலி மெய்யாவதோடு மெய்யும் போலியாகிவிடும். இதனை இரு சான்றுகளால் இக்கட்டுரை விளக்குகிறது.

2. திப்பு சுல்தானின் ஆண்டுமுறை

சீரங்கப்பட்டணத்தில் ஆக்கப்பட்ட திப்புவின் துப்பாக்கிகளில் புலிவரி அணியும், இறைவன் அளித்த அரசு எனப் பொருள்படும் 'சர்க்காரே குதாதாத்' என்னும் பாரசீகத் தொடரும், ஆண்டெண்ணும் காணப்படுகின்றன. இவற்றைப் பற்றி ராபின் விகிங்டன் 1992இல் தனி நூலே வெளியிட்டுள்ளார்.

இடர்ப்பாடு ஆண்டெண்ணில்தான் எழுகிறது. திப்பு 1787 அளவில் ஹிஜ்ரி முறையைக் கைவிட்டு, நபிகளின் பிறப்பை ஒட்டிய மௌலூதி முறையை ஏற்றார். ஒரு துப்பாக்கியில் 1223 என்னும் எண் இருப்பதாகக் கொள்வோம். அதனை ஹிஜ்ரி எனக் கொண்டால் 1808 கிடைக்கும். திப்பு வீழ்ந்ததோ 1799 மே 4ஆம் நாள். எனவே அப்பொருள் போலி என்ற முடிவே பெறப்படும். மௌலூதி எனக் கொண்டாலோ அது 1795-96 ஆகும், ஐயத்திற்கு இடமில்லை.

இம்முடிவைச் சரிபார்க்க மொழிவழிச் சான்றும் உண்டு. திப்புவின் ஆண்டுகள் அறுபதாண்டுச் சுழற்சியில் அமைந்தவை. ஆண்டுப்பெயரின் எழுத்து மதிப்புகளைக் கூட்டினால் சுழற்சியில் அதன் வரிசை எண் கிடைக்கும். மௌலூதி 1223இன் பெயர் 'ஷாத்'. வழக்கமான அப்ஜத் முறையில் இதன் கூட்டுத்தொகை 305. அறுபதுக்குள் இது அடங்காது. எழுத்துகளை அரபு நெடுங்கணக்கு வரிசையில் மதிப்பிடும் திப்புவின் புதிய முறையில் ஷீன் 40, அலிஃப் 1, தால் 8, ஆக 49. தமிழர் வழக்கிலும் 49ஆம் ஆண்டாகிய ராட்சச 1795-96இலேயே வருகிறது.

மேலும், திப்புவின் காசுகளில் மௌலூதி எண்கள் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வழக்கப்படி இடமிருந்து படிப்பவருக்கு 1223 என்பது 3221 எனத் தோன்றும். துப்பாக்கியை வாசிப்போரும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

3. எழுத்தறியாக் கைகளின் எழுத்து

பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடைப்பட்ட தர்ரா ஆதம் கேல் பகுதியில் பிரித்தானியத் துப்பாக்கிகளின் படிகள் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருகின்றன. இயங்கும் உறுப்புகளைத் திறம்படப் படியெடுத்த கைவினைஞர் பலர் ஆங்கில எழுத்தை வடிவமாக மட்டுமே அறிந்தவர். ஆதலின் 'என்' எழுத்து இடவலமாகத் திரும்பியிருத்தல், சொற்களில் எழுத்து விடுபடுதல் முதலியன காணப்படுகின்றன. விக்டோரியா அரசியின் முதலெழுத்துகளாகிய 'வி.ஆர்.' என்பதன் கீழ், அவர் மறைந்த 1901க்குப் பிந்திய ஆண்டு பொறிக்கப்பட்டிருத்தலும் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் செம்மையாக அமைந்திருப்பினும், தொடர் முழுமையும் வரலாற்றுக்கு முரணாகி விடுகிறது.

4. மதிப்பும் சட்டமும்

இங்கிலாந்தில் 2019இல் நடந்த ஏலத்தில் திப்புவின் துப்பாக்கியொன்று 60,000 பவுனுக்கு விலைபோனது. இத்தகைய விலை பட்டறை, காலம், கைமாறிய வரலாறு ஆகியவற்றுக்கே உரியது. காலக்கணிப்பு விலையோடு நிற்பதன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத இத்தகைய பொருளே தொல்பொருள். அதனைத் தனியார் ஏற்றுமதி செய்தல் இயலாது. 1890 எனப் பொறிக்கப்பட்ட துப்பாக்கி உண்மையில் 1950இல் செய்யப்பட்டதாயின், விலை, சட்டநிலை இரண்டுமே மாறும்.

5. முடிவுரை

பொறிப்பை மொழிபெயர்ப்போர் மூன்று படிகளைத் தனித்தனியே பதிவுசெய்தல் நன்று: கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் பிழை திருத்தா ஒலிபெயர்ப்பு, அதன் வாசிப்பும் பொருளும், எந்த ஆண்டுமுறை எனக் குறித்த ஆண்டு மாற்றம். திருத்திய வாசிப்பை மட்டுமே தருவோர், திரும்பிய 'என்' எழுத்தைத் தாமே நேராக்கி, போலியைக் காட்டும் சான்றை அழித்துவிடுவர். நல்ல எழுத்தையும் பின்னர் பொறிக்க இயலும் ஆதலின், எழுத்துச் சான்று மட்டும் மெய்ம்மையை நிறுவாது. உலோகத்தின் தேய்மானமும் அமைப்பும் அதனோடு ஒத்துவரல் வேண்டும்.