செம்பியன் மாதேவி - சோழ நாட்டின் பெரிய பாட்டி

தஞ்சாவூர் என்றதும் எல்லோருக்கும் ராஜராஜனும் பெரிய கோயிலும்தான் நினைவுக்கு வரும். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குக் கூடவே குந்தவை, வந்தியத்தேவன், நந்தினி... வெள்ளைச் சேலையும் திருநீறுமாக நாவலில் வந்து போகும் ஒரு முதிய அரசியைப் பலர் மறந்திருப்பார்கள். ஆனால் காவிரிக் கரையில் இன்று நாம் பார்க்கும் கற்கோயில்கள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பவர் அவர்தான். செம்பியன் மாதேவி.

மழவர் குலத்தில் பிறந்தவர். முதலாம் பராந்தக சோழனின் மகன் கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டார். பராந்தகன் காலத்திலேயே, 941 வாக்கில், திருச்சி அருகே உய்யக்கொண்டான் திருமலையில் விளக்கு எரிக்க தானம் கொடுத்திருக்கிறார். கடைசியாக 1001 வாக்கில் அவர் பெயர் வருகிறது. கணக்குப் பார்த்தால் 60 வருடம்! ஆறு அரசர்கள் ஆட்சியைப் பார்த்த பெண்மணி.

கணவர் கண்டராதித்தர் வாளைவிடத் தமிழை அதிகம் நேசித்தவர் போலும். தில்லை நடராஜர் மேல் அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அவர் 957 வாக்கில் மறைந்தார். மகன் மதுராந்தகன் அப்போது சிறுவனாக இருந்திருக்க வேண்டும். அதனால் அரசுரிமை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழனுக்கும் போனது.

சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான். அதன்பின் அரியணை ஏறியது, தம்பி அருண்மொழி அல்ல, மதுராந்தகன். அவன்தான் உத்தம சோழன். கொலைகாரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆண்டில்தான் வருகிறது. இத்தனை வருடம் உத்தமன் ஏன் சும்மா இருந்தான் என்ற கேள்வியால் நீலகண்ட சாஸ்திரி அவன் மீது சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

இந்த வழக்கில் அந்தத் தாயைச் சாட்சியாக வைத்துப் பார்க்கலாம். 985இல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தபின்பும் செம்பியன் மாதேவியின் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. அவர் திருப்பணிகள் தொடர்ந்தன. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனின் அரசில் அதிகாரியாக ஊர் ஊராகப் போய்க் கோயில் கணக்குகளை விசாரித்து, தவறு செய்தவர்களைத் தண்டித்திருக்கிறான். (பாட்டி கட்டிய கோயில்களுக்குப் பேரன் ஆடிட்டர்!) அண்ணனைக் கொன்றவன் என்று நம்பியிருந்தால் அவனுடைய தாயையும் மகனையும் ஒருவன் இப்படி நடத்துவானா? இது முடிவான ஆதாரம் அல்ல. ஆனாலும் உத்தமன் பக்கம்தான் தராசு சாய்கிறது.

கல்கியின் கதையில் மதுராந்தகன் அவர் பெற்ற பிள்ளையே இல்லை. கதைக்கு அது நல்ல திருப்பம்தான். கல்வெட்டுகளோ உத்தம சோழனைத் தன் திருவயிற்றில் சுமந்து பெற்றவர் என்றே அவரைத் திரும்பத் திரும்ப அறிமுகப்படுத்துகின்றன.

இனி அவர் கட்டிய கோயில்களுக்கு வருவோம். டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான், கல் கிடைக்காது. அதனால் தேவாரம் பாடப்பட்ட பல தலங்கள் செங்கல் தளிகளாகவே இருந்தன. மழையும் வெள்ளமும் அவற்றைக் கரைத்தன. தொலைவிலிருந்து கல்லைக் கொண்டு வந்து அவற்றைக் கற்றளிகளாக மாற்றினார் இவர். ஆடுதுறை, குத்தாலம், திருவாரூர் அறநெறி, ஆனாங்கூர், திருக்கோடிகாவல், டெல்டாவுக்கு வெளியே விருத்தாசலம் என்று பட்டியல் நீளும்.

இதில் திருக்கோடிகாவலில் செய்ததுதான் தனிச் சிறப்பு. பழைய கோயிலைப் பிரித்தபோது பல்லவர் காலம் வரை போகும் பழைய கல்வெட்டுகள் கிடைத்தன. யாரோ எப்போதோ கொடுத்த நிலம், பொன், விளக்கு பற்றிய கணக்குகள். புதுக் கோயில் கட்டுகிறவர்கள் பழைய கல்லை அஸ்திவாரத்தில் போட்டு மூடிவிடுவது சாதாரணம். இவர் காலத்திலோ அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டி, இது பழைய கல்லின் படி என்றும் குறித்து வைத்தார்கள். புது லெட்ஜர் போடும்போது பழைய பாக்கியை ஒழுங்காக எடுத்து எழுதுவது மாதிரி! ஆயிரம் வருடத்துக்கு முன் இப்படி ஒரு கவனம்.

கோனேரிராஜபுரம் (பழைய பெயர் திருநல்லம்) போகிறவர்கள் தெற்குச் சுவரைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் கோயிலைக் கணவரின் பெயரால் கட்டினார். சுவரில் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்குவது போல ஒரு சிறிய சிற்பம், கீழே இவர் இன்னார் என்று எழுத்தும் இருக்கிறது. கணவர் மறைந்து பல வருடம் கழித்துச் செய்த வேலை. கோயிலைக் கட்டிய சாத்தன் குணபத்தன் என்பவரின் உருவத்தையும் பெயரையும்கூட அதே சுவரில் விட்டு வைத்திருக்கிறார். கட்டியவனின் பெயர் நின்ற கோயில்கள் நம் நாட்டில் எத்தனை?

கோயிலின் தெற்குச் சுவர் மாடத்தில் ஆடவல்லானை வைக்கும் வழக்கம் பரவியதும் இவர் கோயில்களில்தான். நடராஜர் சோழர்களின் அடையாளமாக ஆனதற்கு இவரே காரணம் என்கிறார் கலை வரலாற்று ஆய்வாளர் வித்யா தெஹேஜியா. கணவர் பாடிய தெய்வத்தை மனைவி கல்லில் வைத்தார் என்று எண்ணத் தோன்றுகிறது.

நாகப்பட்டினம் அருகே அவர் பெயரிலேயே செம்பியன்மாதேவி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலும் அவர் கட்டியது. சித்திரை மாதம் கேட்டை அவர் பிறந்த நட்சத்திரம். அன்று கோயிலில் சிறப்பு வழிபாடு நடக்க நிவந்தம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? உத்தம சோழனின் தேவியர், அதாவது மருமகள்கள்! மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள் சேர்ந்து எழுதி வைத்த சொத்து. பின்னர் கொள்ளுப்பேரன் முறையான ராஜேந்திர சோழன் காலத்தில் அவருக்குச் செப்புத் திருமேனியும் எடுத்து வழிபட்டார்கள்.

வாஷிங்டனில் உள்ள ஃப்ரீர் கலைக்கூடத்தில் 1929இல் வந்து சேர்ந்த ஒரு சோழர் காலப் பெண் செப்புச் சிலை இருக்கிறது. ஒல்லியான உடல், நீண்ட கை, சரிந்த தோள். அது பார்வதியா, செம்பியன் மாதேவியா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செம்பியன்மாதேவி ஊர்க்காரர்களோ ஒவ்வொரு சித்திரைக் கேட்டைக்கும் தங்கள் பாட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடி வருகிறார்கள்.