"மதுரைக்கு எழுதிட்டாங்க": அவசர சிகிச்சையும் காத்திருப்பும்

எங்கள் தேனிப் பக்கத்தில் "மதுரைக்கு எழுதிட்டாங்க" என்று சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு யாரோ கடிதம் எழுதியது போலத் தோன்றலாம். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அர்த்தம் சட்டென்று புரியும். நோயாளி நிலைமை மோசம், இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் அழுகை அப்போதே தொடங்கிவிடும்.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பு என்றதும் நாம் நினைப்பது வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை. அது பாதிக் கணக்குதான். அடிபட்ட இடத்திலிருந்து சரியான சிகிச்சை கிடைக்கும் இடம் வரை போகும் நேரம் முழுவதுமே காத்திருப்புதான். அந்த முழுக் கணக்கின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'ஃபிஃபோ' தெரிந்திருக்கும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகும். பேங்க் கவுண்ட்டரிலும் ரேஷன் கடையிலும் இதே நியாயம்தான். அவசரப் பிரிவில் மட்டும் இந்த நியாயம் ஆளைக் கொன்றுவிடும். விரலை வெட்டிக்கொண்டவர் முதலில் வந்தார் என்பதற்காக நெஞ்சு வலியோடு வந்தவரை நிற்க வைக்க முடியாது. இதை முறையாகச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் நெப்போலியன் படையில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே. பதவி, அந்தஸ்து எதையும் பார்க்காமல், காயம் யாருக்கு மோசமோ அவருக்கே முதல் சிகிச்சை என்றார். தளபதியா சிப்பாயா என்ற பேச்சே இல்லை! காயம்பட்டவர்களைத் தூக்கி வர வேகமான குதிரை வண்டிகளையும் ஏற்பாடு செய்தார். இன்று 'ட்ரையாஜ்' என்று மருத்துவமனைகளில் சொல்கிறார்களே, அந்தச் சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். தரம் பிரிப்பது என்று பொருள்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நோயாளி வரிசையில் நிற்பதற்கு முன்பே வேறு ஒரு தடை இருந்தது. "இது போலீஸ் கேஸ், நாங்க பார்க்க முடியாது." ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதி அடிபட்டார். அருகிலிருந்த மருத்துவமனை, போலீஸ் கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று சுமார் 20 கி.மீ. தள்ளியிருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே இறந்துவிட்டார். இந்தச் செய்தியை வைத்துத் தொடரப்பட்ட பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள், போலீஸ் நடைமுறை பிறகு. இது அரசு டாக்டர், தனியார் டாக்டர் எல்லோருக்கும் பொருந்தும்.

அடுத்த தடை படுக்கை. 1992ல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனை ஒன்று மாற்றி ஒன்றாக அவரைத் திருப்பி அனுப்பியது. படுக்கை இல்லை, வசதி இல்லை. கடைசியில் தனியாரிடம் கைக்காசு கொடுத்துத்தான் பிழைத்தார். 1996ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று சொல்லி அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. பணம் இல்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது என்றும் சொன்னது.

தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் கூடலூரில் அடிபட்டவருக்குத் தீர்ப்பு என்ன செய்யும்? பள்ளத்தாக்கின் புவியியலைப் பாருங்கள். தேனி 1996ல்தான் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதன் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருப்பது பெரியகுளத்தில். 2000களில் வந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையில், க.விலக்கில். இரண்டுமே பள்ளத்தாக்குக்கு வெளியே. கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி எல்லாம் தாண்டி க.விலக்கு போய்ச் சேர 50 கி.மீ.க்கு மேல். அங்கிருந்தும் 'எழுதிவிட்டால்' மதுரை. தேனியிலிருந்து மதுரை சுமார் 75 கி.மீ. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் குமுளி ரோட்டை அடைத்துக்கொள்ளும் நாட்களில் இந்தக் கணக்கு இன்னும் நீளும்.

2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் கிராமத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் கார் வைத்திருப்பவரை எழுப்ப வேண்டும், வாடகை பேச வேண்டும். 108 அந்தக் காத்திருப்பைத்தான் வெட்டியது. அதோடு, வண்டிக்குள் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது. வண்டி ஏறும் இடத்திலேயே கவனிப்பு தொடங்கிவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இது வேகத்தைவிடப் பெரிய மாற்றம்.

ஆனாலும் வண்டி மலை ஏறுமா? 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உள்ளூர் மக்கள் ஓடிப்போய் உதவினார்கள், காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். இரவெல்லாம் மீட்பு நடந்தது, விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. தப்பியவர்களின் பயணம் போடி, தேனி, மதுரை என்று போனது. சிலரை அதற்கும் அப்பால் கொண்டு போனார்கள். மொத்தம் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் மருத்துவமனைகளில், பின்வந்த நாட்களில். தீக்காயத்தில் உடம்பிலுள்ள நீர் வேகமாக வெளியேறும். முதல் சில மணி நேரத்தில் நரம்பில் ஏற்றும் திரவம் மிக முக்கியம், பிறகு தொற்று வராமல் காக்கத் தனி வார்டு வேண்டும். அன்று யாரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. மலையில் காத்திருந்தார்கள், ரோட்டில் காத்திருந்தார்கள். வாசல் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இதில் ஒரு நிமிடம்கூடப் பதிவாகாது.

அப்படியானால் தூரத்தில் இருப்பவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு திட்டத்தைச் செய்து ஆராய்ந்தார்கள். சக்கரத்துக்கு நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால் இருப்பது போல, நடுவில் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனை, சுற்றிலும் சின்ன மருத்துவமனைகள். சின்ன மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுத்து, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்புவது. 2,420 நோயாளிகளைப் பார்த்ததில், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 சதவீதம், திட்டத்துக்குப் பின் 14.2 சதவீதம். சாலையின் நீளம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. சிகிச்சை சாலைக்கு முன்னால் வந்தது, அவ்வளவுதான்!

2017க்குப் பிறகு அரசு கொண்டு வந்த விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் இதே பாதையில் போகிறது. விபத்துக் காயம், மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம், குழந்தைகளின் அவசரம் என்று பிரித்து, வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பார்க்கிறார்கள். லாரே சொன்னதுதான், வண்ணம் மட்டும் புதிது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' பணத்துக்காகக் காத்திருப்பதைக் குறிவைத்தது. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நேரத்தை மட்டும் குறிக்கோளாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். அவசரப் பிரிவுக்கு வருபவர்களை 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று 2000ல் திட்டம் போட்டார்கள். நல்ல திட்டம், காத்திருப்பும் நிறையக் குறைந்தது. ஆனால் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நடந்தவற்றை விசாரித்த ஃபிரான்சிஸ் குழு 2013ல் கொடுத்த அறிக்கை, இலக்குகளையும் நிதியையும் துரத்தியதில் நோயாளி கவனிப்பு கோட்டைவிடப்பட்டதைச் சொன்னது. சேல்ஸ் டார்கெட் வைத்த கம்பெனியில் மாதக் கடைசியில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

வாசலில் காணும் நெரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு வரிசையில் நின்றதை நாடே பார்த்தது. ஆம்புலன்ஸ் வேகமாகத்தான் வந்தது. உள்ளே படுக்கை காலியாகவில்லை.

ஆக, கம்பம் பள்ளத்தாக்குக்கு என் கணக்கு இதுதான். ஒவ்வொரு அவசர நோயாளிக்கும் நான்கு நேரங்களை எழுதி வைக்க வேண்டும். எப்போது நடந்தது, எப்போது முதல் மருத்துவமனை வந்தார், எப்போது முதல் சிகிச்சை தொடங்கியது, வேறு ஊருக்கு எழுதியிருந்தால் அங்கே எப்போது சேர்ந்தார். வருடத்துக்கு ஒருமுறை, பெயர்களை விட்டுவிட்டு, இந்தக் கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். கம்பெனிகள் வருடா வருடம் பேலன்ஸ் ஷீட் வெளியிடுகின்றன, உயிர்க் கணக்கை வெளியிடக் கூடாதா?

மதுரைக்கு எழுதுவது தவறே இல்லை. எல்லா ஊரிலும் எல்லா வசதியும் வைக்க முடியாது. எழுதுவதற்கு முன்னால் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. ஊசியும் இ.சி.ஜி.யும் டிரிப்பும் அங்கேயே தொடங்கியிருந்தால், அந்த ரோட்டில் நோயாளி சிகிச்சையோடு பயணம் செய்கிறார். இல்லையென்றால் வெறுமனே காத்திருக்கிறார்.