சங்கிலி யார் கையில்?

ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் கோபத்தோடு வந்தார். பட்டறைக்கு ஓர் இணையதளம் அமைத்துத் தரும்படி பெங்களூர் நிறுவனம் ஒன்றிடம் மொத்தத் தொகை பேசி, பாதிப் பணமும் கொடுத்திருக்கிறார். வேலை நடக்க நடக்க இவருடைய தேவைகளும் வளர்ந்தன. கன்னடத்தில் ஒரு பக்கம், விலைப்பட்டியல், ஆர்டர் வாங்க ஒரு வசதி. "இதெல்லாம் பேச்சில் இல்லை" என்கிறார்கள் அவர்கள். "இதெல்லாம் சேர்ந்ததுதானே தளம்?" என்கிறார் இவர். நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்டார்.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நம் ஜில்லாவின் பழங்கதை ஒன்றைச் சொன்னேன்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் பாரமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. கிருஷ்ணகிரி அதில் அடக்கம். ஓசூர் 1799 வரை திப்புவிடமே இருந்தது. சீமையை நிர்வகிக்க வந்தவர் காப்டன் அலெக்சாண்டர் ரீட். பின்னாளில் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களில் ஒருவர். நிலத்துக்குத் தீர்வை எவ்வளவு? ரீட் வாய்ப்பேச்சில் தொகை முடிக்கவில்லை. வயல் வயலாக அளக்கச் செய்தார். மண்ணைத் தரம் பிரித்தார். அதற்கே பல வருஷங்கள் பிடித்தன. 1796-இல் பிரகடனம் ஒன்றும் செய்தார்: பல ஆண்டுக் குத்தகையோ, வருஷா வருஷம் ஏற்பாடோ, குடிகள் விரும்பியதைக் கொள்ளலாம். குடிகள் பெரும்பாலும் வருஷ ஏற்பாட்டையே நாடினார்கள். ரயத்துவாரி முறை வளர்ந்தது இப்படித்தான்.

காரணம் புரிகிறதல்லவா? நாளைய மழையை அறியாதவன் பல வருஷத்துக்குச் சேர்த்து வாக்குக் கொடுக்க அஞ்சுவான். தளம் அமைக்கும் வேலையும் அத்தகையதே. முழுத் தேவையும் முதல் நாளே தெரிவதில்லை. வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் அளவும் விலையும் எழுதி, ஒப்புக்கொண்ட பிறகு பணம் கொடுத்து, வேண்டாவிட்டால் அடுத்த படியை விட்டுவிடுவதே இருவருக்கும் க்ஷேமம்.

ஆனால் அளந்துவிட்டால் மட்டும் நியாயம் வந்துவிடாது. சங்கிலி கும்பினியார் கையில் இருந்தது. வேறு ஜில்லாக்களில் வரி வசூலித்துப் பார்த்த மன்றோவே 1807-இல் தீர்வையில் நூற்றுக்கு 25 குறைக்கவேண்டும் என்று எழுதினார். இன்று சங்கிலி தொழில் தெரிந்தவர் கையில் இருக்கிறது. பணம் கொடுப்பவரும் உடனிருந்து அளக்கவேண்டும்.

பட்டாவும் வேண்டும். வெளியாரைக் கொண்டு எழுதுவித்த கணினி நிரல், பணம் கொடுத்த மாத்திரத்தில் நம்முடையதாகிவிடாது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும்.

நண்பரின் கோபம் தணிந்தது. "என்னிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லையே!" என்றார். பிறகு, "உங்கள் நாவல்களுக்கு ஒப்பந்தம் உண்டல்லவா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லாமல் காபி கொண்டுவர உள்ளே போனேன். இரண்டு நாவல்களை வெறும் வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் நான்.