கைமாற்று

அம்மா எதிர்வீட்டு மாமியிடம் கைமாற்று வாங்கப் போனால் கையில் டம்ளர் இருக்கும். கேட்கப்போவது அஞ்சு ரூபாய்தான். ஆனாலும் டம்ளர். தெருவில் பார்க்கிறவர்கள் காபிப்பொடிக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டுமே! 1960களில் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் மாடவீதியில் எங்கள் மாதக் கடைசி இப்படித்தான் கழிந்தது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. சம்பளம் வந்ததும் அதே டம்ளரில் நோட்டு திரும்பிப் போகும்.

அந்த டம்ளரை எனக்கு நினைவூட்டுவது உலக மகிழ்ச்சி அறிக்கை; 2012இலிருந்து வருகிறது. பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் உள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கிறார்கள். 2018இலிருந்து பின்லாந்துதான் முதலிடம். 2025இல் 147 நாடுகளில் நமக்கு 118. ஏன் இந்த ஏற்ற இறக்கம் என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் ஆறு விஷயங்களில் ஒன்று, கஷ்டம் வந்தால் கைகொடுக்க ஆள் உண்டா என்பது. அம்மாவைக் கேட்டிருந்தால், "எதிராத்து மாமி இருக்காளே" என்றிருப்பாள்.

பெரிய தொகைக்கு வேறு வழி. மயிலாப்பூரில் 1872லேயே இந்து பெர்மனென்ட் ஃபண்ட் என்ற நிதி நிறுவனம் வந்துவிட்டது. 1906இல் வங்கி நடத்திய ஆர்பத்னாட் கம்பெனி கவிழ்ந்து பலருடைய சேமிப்பு போனபின், வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அஞ்சு ரூபாய்க்கு மட்டும் மாமிதான்.

மாமியின் கருணை என்று சொல்ல மாட்டேன். திருப்பித் தராவிட்டால் திண்ணையில் நாலு பேர் பேசுவார்கள், அந்தப் பயம்தான் ஜாமீன். வட்டமும் சாதிக்குள்தான். கடற்கரைக் குப்பம் வரை அந்த டம்ளர் போனதில்லை, அங்கே வட்டிக்குக் கடன் தரும் தண்டல்காரர்தான்.

2000இல் டைடல் பார்க், 2004இல் பறக்கும் ரயில். திண்ணை வீடுகள் ஃபிளாட்டுகளாயின. மாமியும் இல்லை.

2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தபோது என்னிடம் இருந்ததெல்லாம் அவைதான். கோயில் வாசலில் நான் தினம் பூ வாங்கும் பூக்காரம்மாவிடம், இன்றைக்குப் பூ வேண்டாம் என்றேன். முழம் அளந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, சுருக்குப் பையிலிருந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து என் கூடையில் போட்டாள். "காய் வாங்க வேணும்ல? அப்புறம் குடு."

பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணாமல் பைக்குள் திணித்துவிட்டு, "மல்லியா, கனகாம்பரமா?" என்றாள்.