தூங்கி எழும் கடிகாரங்கள்

கேள்வி வருவதற்கு முன்பே பதில் கிளம்பிவிட்டது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு சர்வரின் பதிவுகளில் இப்படி ஒரு வரிசையைப் பார்த்திருக்கிறேன். ஒரே இரும்புப் பெட்டிக்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள். இரண்டுக்கும் ஆளுக்கொரு நேரம்.

இதன் வேர் 1985இல் இருக்கிறது. அந்த வருடம்தான் டேவிட் மில்ஸ் என்டிபி நெறிமுறையை ஆர்எஃப்சி 958 ஆக வெளியிட்டார். பிறவியிலேயே கிளாக்கோமா இருந்தவர். பிற்காலத்தில் பார்வையையும் இழந்தார். உலகக் கணினிகளின் கடிகாரங்களைச் சரிபார்த்த மனுஷன் இவர். அவருடைய அணுகுமுறை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: முள்ளைப் பிடித்துத் திருப்பாதே, ஓட்டத்தைத் திருத்து. குவார்ட்ஸ் படிகம் தப்பாக ஓடினாலும் ஒரு சீராகத்தான் தப்பும். அந்தச் சீரைக் கண்டுபிடித்தால் போதும்.

விர்ச்சுவல் மெஷின் அந்தச் சீரையே உடைத்தது. அந்தக் காலத்து லினக்ஸ், நொடிக்கு இத்தனை துடிப்பு என்று எண்ணித்தான் நேரம் பார்த்தது, 2.4 கெர்னலில் 100, 2.6 வந்ததும் 1000. சிபியு வேறொரு மெஷினுக்குப் போயிருக்கும்போது யார் எண்ணுவது? விட்டுப்போன துடிப்புகளை ஹைப்பர்வைசர் பிறகு மொத்தமாகக் கொட்டும். உள்ளே நேரம் நின்று, திடீரென்று ஓடும். இல்லாத படிகத்தின் குணத்தை என்டிபி தேடிக்கொண்டிருக்கும், பாவம். நிறுத்திவைத்த மெஷினை மறுநாள் எழுப்பினால் இன்னும் மோசம். வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டினால், வழக்கமான அமைப்பில் என்டிபிடி நிரல் 'என்னால முடியாது' என்று வெளியேறிவிடும். இது சின்ன விஷயமில்லை. கெர்பரோஸில் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினாலே லாகின் கிடையாது.

போதாக்குறைக்கு, பலர் விஎம்வேர் டூல்ஸின் நேர ஒத்திசைவையும் என்டிபியையும் சேர்த்தே ஓடவிட்டார்கள். ஒரு ஸ்டியரிங்குக்கு ரெண்டு டிரைவர்.

மருந்து இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று, கேவிஎம்-கிளாக்: துடிப்பை எண்ணுவதை விட்டுவிட்டு, ஹோஸ்ட் நினைவகத்தில் எழுதிவைக்கும் நேரக் கணக்கை மெஷின் படித்துக்கொள்ளும். மற்றொன்று குரோனி. ரிச்சர்ட் கர்னோ 1990களில் எழுதியது. எப்போதாவதுதான் இணையத்தைத் தொடும் டயல்-அப் கணினிகளையும் மனதில் வைத்துச் செய்த நிரல் அது. விட்டு விட்டு விழிக்கிற மெஷினுக்கும் அதுவே பொருந்திப்போனது. 2014இல் ரெட் ஹாட் 7 அதையே இயல்பாக வைத்தது.

2017 முதல் அமேசான் மேகத்தில் ஓடும் மெஷின் 169.254.169.123 என்ற முகவரியில் நேரம் கேட்கலாம். அதற்கு இணையத்துக்குப் போகவே வேண்டாம்.