தெளிந்த நீரில் தெரியாத பகை

நீர் தெளிந்திருந்தால் அது தூயது என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை நம் நாட்டின் தலைநகரே ஒருமுறை உலகுக்கு உணர்த்தியது.

1955ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யமுனையில் வெள்ளம் பெருகி வடிந்தபோது, ஆற்றின் போக்கு மாறியது. நஜாப்கர் வாய்க்கால் சுமந்து வந்த கழிவுநீர், வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்திற்கே வந்து கலந்தது. பணியாளர்கள் வாளாவிருக்கவில்லை, படிகாரமும் குளோரினும் கூடுதலாகச் சேர்த்தனர். டைஃபாய்டோ சீதபேதியோ பெருகவில்லை. ஆபத்து கடந்துவிட்டது என்றே தோன்றியது. ஆனால் டிசம்பரில் தில்லி மக்களின் கண்கள் மஞ்சளாகத் தொடங்கின. சனவரி முடிவதற்குள் ஏறத்தாழ 29,300 பேரை மஞ்சள் காமாலை பற்றியது. பாக்டீரியாக்களை அழித்த மருந்து, அவற்றினும் நுண்ணிய வைரஸை முற்றிலும் அழிக்கவில்லை. கருவுற்ற தாய்மாரையே அந்நோய் மிகக் கொடுமையாகத் தாக்கியது.

அந்த வைரஸ் யாதென அறிய நெடுங்காலம் ஆயிற்று. சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகளை ஆராய்ந்து, இது 'ஏ' வகைக் கல்லீரல் அழற்சி அன்று என 1980இல் கண்டனர். சோவியத் அறிஞர் மிக்காயில் பலயான், நோயாளிகளின் கழிவிலிருந்து எடுத்த கரைசலைத் தாமே உட்கொண்டு நோயுற்று, புதிய வைரஸ் ஒன்றை 1983இல் உலகுக்குக் காட்டினார். இன்று அதனை 'ஹெபடைட்டிஸ் ஈ' என்கிறோம். கருவுற்ற இறுதி மாதங்களில் இந்நோய் கண்ட பெண்களில் ஐவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும்.

அறிவு வளர்ந்தது, அவலம் ஓய்ந்ததா? 1991இல் கான்பூரில் ஏறத்தாழ 79,000 பேர் இதே நோய்க்கு ஆளாயினர். நாளில் சில மணி நேரமே நீர் வரும் குழாய்களில் அழுத்தம் குறையும்போது, விரிசல்கள் வழியே அருகிலுள்ள சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. வசதியுள்ளோர் காய்ச்சிக் குடிப்பர். விறகுக்கும் வழியற்றோர் வந்த நீரையே குடிப்பர். சீனாவில் 2011இல் தடுப்பூசி ஒன்று ஒப்புதல் பெற்றது. ஆயினும் நோய் பரவிய இடத்தில் அது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது 2022இல், தென்சூடானின் பெந்தியூவில் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் முகாமில்தான். ஏழைக் கர்ப்பிணியின் உயிர் பதினோர் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அது சலுகையன்று, நீதி. நம் பங்கின் கடைக்கோடித் தெருவில் குடிநீர்க் குழாய் எதன் அருகே செல்கிறது என்று கேட்பதும் நற்செய்திப் பணியே.

சிக்கார் கிணற்றருகே களைத்து அமர்ந்து, எளிய பெண்ணொருத்தியிடம் தண்ணீர் கேட்டவர் நம் ஆண்டவர். தாகமுற்றோரின் உருவில் இன்றும் அவரே கேட்கிறார். அவருக்கு நாம் எத்தகைய நீரைக் கொடுக்கப் போகிறோம்?